12-வது வாரத்தில் ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், போடலாமா?

கொடிமுல்லை | மார்ச் 4, இரவு 9:40

வணக்கம் தோழிகளே. இரண்டாவது குழந்தை, இன்றோடு 12 வாரம் 3 நாள். முதல் பிரசவத்தில் 29-வது வாரம் பிபி ஏறியது. 33-ல் வேறு வழியில்லை என்று ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பையன் 1.4 கிலோ. 24 நாள் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். இப்போது நாலு வயது, நன்றாக இருக்கிறான்.

இந்த முறை என்டி ஸ்கேன் (மூன்றாம் மாத ஸ்கேன்) எடுத்த அன்றே டாக்டரம்மா ஆஸ்பிரின் 150 மி.கி. எழுதினார். தினமும் ராத்திரி ஒன்று, 36 வாரம் வரைக்கும். கூட்டம் அதிகம், காரணம் கேட்க நேரம் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தை, "இது உங்க மாமாவுக்கு ஹார்ட்டுக்குக் கொடுத்த மாத்திரையாச்சே, வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு இதைப் போடுவியா?" என்றார். மருந்துக்கடை அண்ணனும் சீட்டைப் பார்த்துவிட்டு "கர்ப்பிணிக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆறு நாளாக மாத்திரை பீரோவிலேயே இருக்கிறது. போட்டால் ஏதாவது ஆகுமோ என்று பயம், போடாவிட்டால் போன தடவை மாதிரி ஆகிவிடுமோ என்றும் பயம். யாராவது போட்டிருக்கிறீர்களா?

வார்டு_செவிலி | மார்ச் 4, இரவு 10:25

கொடிமுல்லை, நான் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் 19 வருஷமாக ஸ்டாஃப் நர்ஸ். முதலில் ஒன்று சொல்கிறேன், மீதியை நிதானமாகப் படியுங்கள். நாளைக்கே உங்கள் டாக்டருக்குப் போன் போட்டு, "ஆறு நாள் போடவில்லை, இன்று ராத்திரி ஆரம்பிக்கட்டுமா" என்று கேளுங்கள். இது நாள் தவறினால் பலன் குறையும் மருந்து. 16 வாரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் பீரோவில் வைத்திருக்கிற அளவுக்கு இல்லை.

ஏன் இவ்வளவு சீக்கிரம் என்றால், நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரில் வேர் விடும்போது அங்குள்ள குறுகலான ரத்தக்குழாய்களை உள்ளே புகுந்து அகலப்படுத்தும். ஒடுங்கிய வாய்க்காலை வெட்டி அகலமாக்குவது மாதிரி. இந்த வேலை ஏறக்குறைய 20 வாரத்துக்குள் முடிந்துவிடும். சிலருக்கு அது அரைகுறையாக நின்றுவிடுகிறது. அப்போது ஒன்றும் தெரியாது. பிபி நார்மல், யூரின் நார்மல், முகம் பொலிவாக இருக்கும். பிள்ளை வளர வளர ரத்தம் போதாமல் நஞ்சுக்கொடி திணறும். 28, 30 வாரத்தில் பிபியாக, யூரினில் புரதமாக வெளியே தெரியும். அன்றைக்கு ஆஸ்பிரின் கொடுத்துப் பயனில்லை. உங்கள் டாக்டரம்மா மழைக்கு முன்னாலேயே வரப்பு கட்டச் சொல்கிறார்.

உங்களுக்கு வந்ததற்குப் பெயர் ப்ரீ-எக்லாம்ப்சியா. ஒரு முறை வந்தவருக்கு அடுத்த கர்ப்பத்திலும் வரும் வாய்ப்பு கூடுதல், அதுவும் 34 வாரத்துக்கு முன்பே எடுக்க வேண்டி வந்திருந்தால் இன்னும் கூடுதல். உங்கள் பழைய டிஸ்சார்ஜ் அட்டையைப் பார்த்துத்தான் அவர் எழுதியிருப்பார்.

மேட்டுத்தெரு | மார்ச் 5, காலை 6:50

தப்பாக நினைக்காதீர்கள் அம்மா. எனக்கு வயது 63. எங்கள் பாட்டி ஒன்பது பெற்றார், ஸ்கேனும் இல்லை, மாத்திரையும் இல்லை. இப்போது கர்ப்பம் என்றாலே நோயாளி மாதிரி நடத்துகிறார்கள். மாதம் ஒரு ஸ்கேன், கடைசியில் ஆபரேஷன். மருந்துக் கம்பெனிக்குத்தான் லாபம். கை கால் வீங்குவது பிள்ளைத்தாய்ச்சிக்கு வழக்கம்தானே? பார்லிக் கஞ்சி குடித்தால் இறங்கிவிடும்.

வார்டு_செவிலி | மார்ச் 5, காலை 7:15

ஐயா, ஒன்பதில் எத்தனை தங்கியது?

மேட்டுத்தெரு | மார்ச் 5, காலை 7:32

ஆறு. கடைசிப் பிரசவத்தில் பாட்டியும் ஜன்னி கண்டு இறந்ததாகச் சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. என் அம்மா சொல்லிக் கேட்டது.

வார்டு_செவிலி | மார்ச் 5, காலை 8:05

ஐயா, நம் ஊரில் ஜன்னி என்று சொன்னது பலவற்றைச் சேர்த்து. பிரசவத்துக்குப் பிறகான காய்ச்சலையும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் பல்லைக் கடித்து, உடம்பு வெட்டி, நினைவு போய் விழுந்தார்கள் என்றால் அது எக்லாம்ப்சியா. நாங்கள் இதைத் தடுக்கத்தான் படாதபாடு படுகிறோம்.

வீக்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கால் வீக்கம் பலருக்கு வரும், நீங்கள் சொன்னது சரி. அதனால்தான் இப்போது நோயைத் தீர்மானிக்கும் அளவுகோலில் வீக்கத்தையே சேர்ப்பதில்லை. வீக்கமே இல்லாமல் ஃபிட்ஸ் (வலிப்பு) வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 20 வாரத்துக்குப் பிறகு பிபி 140/90 அல்லது அதற்கு மேல், நாலு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை. கூடவே யூரினில் புரதம், அல்லது கிட்னி, ஈரல், ரத்தத் தட்டணுக்களில் கோளாறு. இதுதான் கணக்கு. 160/110 தொட்டால் அது அவசரம். கஞ்சி குடிப்பதில் தப்பில்லை. கஞ்சியை நம்பி அளக்காமல் விடுவதுதான் ஆபத்து.

எண்ணும்_எழுத்தும் | மார்ச் 5, மதியம் 1:10

நான் மருத்துவர் இல்லை. மருத்துவ ஆய்வுகளின் புள்ளிவிவரம் பார்ப்பது என் தொழில். கம்பெனி லாபம் என்று ஐயா சொன்னதால் எழுதுகிறேன். ஆஸ்பிரின் நூறாண்டுக்கும் மேல் பழைய மருந்து. காப்புரிமை எப்போதோ முடிந்தது. ஒரு மாத்திரை சில்லறைக் காசு. இதை விற்று யாரும் பணக்காரர் ஆக முடியாது.

மருந்துக்கடைக்காரரும் சில மூத்த மருத்துவர்களும் தயங்குவதற்கு ஒரு வரலாறு உண்டு. 1994-ல் கிளாஸ்ப் என்ற பெரிய ஆய்வு வந்தது. 9,364 பெண்கள், தினமும் 60 மி.கி. ஆஸ்பிரின். ப்ரீ-எக்லாம்ப்சியா 12 சதவீதம்தான் குறைந்தது, அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்கிற அளவில். "எல்லோருக்கும் கொடுக்கத் தேவையில்லை" என்று முடிந்துபோனது. அந்தக் காலத்தில் படித்தவர்கள் மனதில் அதுவே நிற்கிறது.

பிறகு பழைய ஆய்வுகளை மறுபடி பிரித்துப் பார்த்தபோது, 16 வாரத்துக்கு முன் ஆரம்பித்தவர்களுக்கும் பின் ஆரம்பித்தவர்களுக்கும் பலன் வேறுவேறாகத் தெரிந்தது. டோஸும் போதவில்லை என்று பட்டது. அதைச் சோதிக்க லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் கைப்ரோஸ் நிக்கோலைடிஸ் குழு நடத்தியதுதான் ஆஸ்ப்ரே ஆய்வு, 2017-ல் வெளியானது. ஆறு நாடுகள், 13 மருத்துவமனைகள். சுமார் 27,000 பெண்களை 11 முதல் 14 வாரத்துக்குள் பரிசோதித்து, ஆபத்து அதிகம் என்று தெரிந்தவர்களில் சம்மதித்த 1,776 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு இரவில் 150 மி.கி. ஆஸ்பிரின், மீதிப் பேருக்கு அதே தோற்றத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, சாப்பிட்டவருக்கும் தெரியாது.

37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வேண்டி வந்த ப்ரீ-எக்லாம்ப்சியா, ஆஸ்பிரின் பிரிவில் 798 பேரில் 13 பேருக்கு. வெறும் மாத்திரைப் பிரிவில் 822 பேரில் 35 பேருக்கு. ஆயிரம் பேருக்கு என்று பார்த்தால் 43 வர வேண்டிய இடத்தில் 16.

இதில் மறைக்கக் கூடாத பக்கமும் உண்டு. 37 வாரத்துக்குப் பிறகு வரும் ப்ரீ-எக்லாம்ப்சியாவை ஆஸ்பிரின் குறைத்ததாக நிரூபணமாகவில்லை. கர்ப்பத்துக்கு முன்பே பிபி இருந்தவர்களுக்கும் இந்த ஆய்வில் பலன் தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் உங்களுக்குப் போன முறை வந்தது 37-க்கு முந்தைய வகை, இந்த மாத்திரை குறி வைக்கும் வகை. இன்னொன்று, மாத்திரையில் 90 சதவீதத்துக்கு மேல் தவறாமல் போட்டவர்களுக்கே பலன் அதிகம். பீரோவுக்குப் பதில் தலையணைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

தேம்ஸ்_கரை | மார்ச் 5, மாலை 5:48

கொடிமுல்லை தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில மருத்துவிச்சியா வேலை செய்யிறன். இஞ்ச 12 கிழமையில இருந்து அஸ்பிரின் குளுசை குடுக்கிறது எங்களுக்கு அன்றாட வேலை. ஒரு நாளைக்கு மூண்டு நாலு பேருக்கு விளங்கப்படுத்துவன். எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி உங்கட மாமி கேட்டதுதான்.

ஒரு வித்தியாசம் சொல்லுறன், குழம்பக் கூடாது. உங்கட டொக்டர் 36 கிழமையோட நிப்பாட்டச் சொல்லியிருக்கிறா. இஞ்சத்தை நைஸ் எண்ட அரச மருத்துவ வழிகாட்டியில 75 இல இருந்து 150 மி.கி. வரைக்கும், பிள்ளை பிறக்கும் மட்டும் எண்டு இருக்கு. ரெண்டும் பிழையில்லை. உங்களைப் பாக்கிற டொக்டர் சொன்னதை மாத்தாதேங்கோ.

ஒரு முறை பிறஷர் வந்த ஆக்கள் கவனமா இருப்பினம். எனக்குக் கவலை முதல் பிள்ளைக்கு வாற ஆக்களைப் பற்றித்தான். ஏற்கனவே சிறுநீரக வருத்தம், சீனி வருத்தம், பிறஷர், லூபஸ் (உடம்பின்ர எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கிற வருத்தம்) எண்டு ஏதாவது ஒண்டு இருந்தாலே குளுசை துவங்க வேணும். அது இல்லாட்டி முதல் கர்ப்பம், 40 வயசு, உடம்பு நிறை கூட, இரட்டைப் பிள்ளை, அம்மாவுக்கோ சகோதரிக்கோ இந்த வருத்தம் வந்திருக்கு, முந்தின பிள்ளைக்கும் இதுக்கும் பத்து வருசத்துக்கு மேல இடைவெளி. இதில ரெண்டு சேர்ந்தா கேட்டுப் பாக்க வேணும். "என்ர அம்மாவுக்கு வலிப்பு வந்தது" எண்டு ஒரு பிள்ளை வாய் திறந்து சொன்னாத்தான் எங்களுக்குத் தெரியும்.

மேட்டுத்தெரு | மார்ச் 5, இரவு 8:20

மாத்திரை மலிவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த லண்டன் ஆய்வில் ஆளைத் தேர்ந்தெடுக்கவே ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் செய்திருக்கிறார்கள் அல்லவா? எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதெல்லாம் எங்கே? வசதி உள்ளவனுக்கு ஒரு நியாயம், கூலிக்காரன் பெண்டாட்டிக்கு ஒரு நியாயமா?

எண்ணும்_எழுத்தும் | மார்ச் 5, இரவு 9:30

ஐயா, நீங்கள் கேட்டதுதான் இன்றைக்கு இந்தத் துறையில் உண்மையான சர்ச்சை. ஆய்வில் நான்கைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள்: தாயின் வரலாறு, பிபி, கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாயின் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்), ரத்தத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் புரதங்களின் அளவு. 2018-ல் வந்த ஸ்ப்ரீ என்ற ஆய்வு 16,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் இரண்டு வழிகளையும் ஒப்பிட்டது. தேம்ஸ்_கரை அக்கா சொன்னது போன்ற கேள்விப்பட்டியலை மட்டும் வைத்தால், 37 வாரத்துக்கு முந்தைய வகையில் 100-க்கு 41 பேரைத்தான் முன்கூட்டி அடையாளம் காண முடிந்தது. நான்கையும் சேர்த்தால் 82 பேர். வித்தியாசம் இரண்டு மடங்கு. பணமில்லாததால் தவறவிடப்படும் பெண்கள் அந்த இடைவெளியில்தான் இருக்கிறார்கள். இதை யாரும் மழுப்பக் கூடாது.

ஆனாலும் 41 என்பது பூஜ்ஜியம் இல்லை. அதற்குச் செலவு ஒரு பேனாவும் ஒரு பிபி கருவியும்.

வார்டு_செவிலி | மார்ச் 6, காலை 5:55

இரவு டூட்டி முடிந்து எழுதுகிறேன். மேட்டுத்தெரு ஐயா சொன்ன நியாயம் எனக்கும் வலிக்கிற நியாயம். கிராம சுகாதாரச் செவிலியர்கள் வீடு வீடாகப் போய் 12 வாரத்துக்குள் பதிவு செய்து, பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கித் தருகிறார்களே, அந்த முதல் சந்திப்பிலேயே இந்தக் கேள்விகளைக் கேட்டுவிடலாம். சிக்கல் என்னவென்றால், நம் பெண்கள் மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்ல மாட்டார்கள். கண் பட்டுவிடும் என்பார்கள். ஊருக்குச் சொல்ல வேண்டாம், நர்ஸுக்குச் சொல்லுங்கள். ஐந்தாம் மாதம் வந்து பதிந்தால் மாத்திரையின் காலம் போய்விடும்.

அடுத்தது பிபி அளப்பது. அவசரத்தில் நடந்து வந்த மூச்சோடு அளப்பார்கள், ரவிக்கைக் கை மேலேயே பட்டையைக் கட்டுவார்கள். ஐந்து நிமிஷம் முதுகு சாய்ந்து உட்கார்ந்து, கை நெஞ்சு மட்டத்தில், பேசாமல் இருக்க வேண்டும். பருமனான கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் பிபி கூட்டிக் காட்டும். நீங்களே "அக்கா, கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு எடுத்துக்கலாமா" என்று கேட்கலாம். என்னிடம் யாராவது அப்படிக் கேட்டால் எனக்குச் சந்தோஷம்தான்.

கால்சியத்தையும் மறக்காதீர்கள். பால், கேழ்வரகு அதிகம் சேராத வீடுகளில் கால்சியம் மாத்திரை இந்த நோயைக் குறைக்கிறது. முன்பு ஒரு நாளைக்கு 1,500 மி.கி., மூன்று பெரிய மாத்திரை. பாதிப் பேர் விழுங்க முடியாமல் விட்டுவிடுவார்கள். பெங்களூரில் 11,000 பெண்களிடமும் தான்சானியாவில் 11,000 பெண்களிடமும் நடந்த ஆய்வு 2024-ல் வந்தது. இந்தியப் பிரிவில் 500 மி.கி. எடுத்தவர்களில் 3.0 சதவீதம், 1,500 எடுத்தவர்களில் 3.6 சதவீதம் பேருக்கு ப்ரீ-எக்லாம்ப்சியா. அதாவது சின்ன அளவும் பலனில் குறைந்ததில்லை. உங்கள் டாக்டர் என்ன எழுதியிருக்கிறாரோ அதைப் போடுங்கள், இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து ஒரே நேரத்தில் மட்டும் வேண்டாம்.

அக்காவின்_தம்பி | மார்ச் 6, இரவு 11:15

இங்கே எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

என் அக்காவுக்குச் சுகப்பிரசவம். ஒரு தனியார் மருத்துவமனை. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது பிபி 150/100, மாத்திரை கொடுத்து, பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். பிரசவம் முடிந்துவிட்டதே, இனி என்ன என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். "பால் குடிக்கிற பிள்ளைக்கு ஆகாது" என்று யாரோ சொன்னதும் அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார். ஆறாம் நாள் காலையிலிருந்து தலைவலி. பச்சை உடம்பு, தலையில் நீர் கோத்திருக்கும் என்று பத்து போட்டோம். சாயங்காலம் "கண்ணு மங்கலா இருக்குடா" என்று என்னிடம்தான் சொன்னாள். தூக்கம் இல்லாததால் இருக்கும் என்றேன். ராத்திரி ஒன்றரை மணிக்கு ஃபிட்ஸ். 108-ல் கொண்டுபோனோம். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். இரண்டாம் நாள் போய்விட்டாள். அவள் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. என்னோடுதான் இருக்கிறாள்.

யாரும் எங்களிடம் "பிரசவத்துக்குப் பிறகும் வரும்" என்று சொல்லவில்லை. இந்த இழையிலும் 36 வாரம் வரை என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்காகத்தான் எழுதினேன்.

வார்டு_செவிலி | மார்ச் 7, காலை 6:30

தம்பி, எழுதியதற்கு நன்றி. இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நஞ்சுக்கொடி வெளியே வந்தால் நோய் தீரத் தொடங்கும், உடனே தீராது. பிரசவம் முடிந்து மூன்றிலிருந்து ஆறு நாளுக்குள்தான் பிபி உச்சத்துக்குப் போகும். சரியாக அந்த நாளில்தான் நாங்கள் வீட்டுக்கு அனுப்புகிறோம். ஆறு வாரம் வரை கவனம் வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும்போதும் போடக்கூடிய பிபி மாத்திரைகள் இருக்கின்றன. லேபிட்டலால், நிஃபிடிபின் இரண்டும் நாங்கள் தினமும் கொடுப்பவை. யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள், சந்தேகம் வந்தால் வார்டுக்குப் போன் போடுங்கள்.

மாத்திரைக்கு அடங்காத தலைவலி, கண்ணில் மின்னல் அடிப்பது அல்லது மங்கல், நெஞ்சுக்குழியிலோ வலது விலாவுக்குக் கீழேயோ வலி, நிற்காத வாந்தி, மூச்சுத் திணறல். நெஞ்சுக்குழி வலியை "கேஸ்" என்று விட்டுவிடுகிறார்கள், அது ஈரல் வீங்குவதாக இருக்கலாம். கர்ப்பிணியோ பெற்றவளோ, இதில் ஒன்று வந்தாலும் அடுத்த நாள் ஓபி வரை காத்திருக்க வேண்டாம், அப்போதே கிளம்புங்கள்.

வந்து சேர்ந்துவிட்டால் எங்களிடம் மேக்சல்ஃப் இருக்கிறது. மக்னீசியம் சல்பேட். நரம்பில் மெதுவாக ஒரு டோஸ், இரண்டு இடுப்பிலும் ஊசி. ஊசி நெருப்பாக எரியும், பெண்கள் அழுதுவிடுவார்கள். மணிக்கு மணி முழங்காலைத் தட்டிப் பார்ப்போம், மூச்சை எண்ணுவோம், யூரினை அளப்போம், ஏனென்றால் கூடிப்போனால் மூச்சை நிறுத்திவிடும். மாற்று மருந்து கால்சியம் குளுக்கோனேட் தட்டிலேயே இருக்கும். 2002-ல் வந்த மேக்பை ஆய்வில் 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்தார்கள், ஃபிட்ஸ் பாதிக்கும் கீழே குறைந்தது. மலிவான மருந்து. பெண்கள் நேரத்துக்கு வந்து சேர்வதுதான் எங்களுக்குப் பெரிய பாடு.

எண்ணும்_எழுத்தும் | மார்ச் 7, மதியம் 12:40

அக்காவின்_தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன்.

மறுபடி எண்களுக்குப் போவது கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நஞ்சுக்கொடி திணறும்போது தாயின் உடம்பு ஏன் இப்படி ஆகிறது என்பது நீண்ட நாள் புதிர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பாஸ்டனில் சிறுநீரக மருத்துவராக இருந்த அனந்த் கருமாஞ்சியின் குழு 2003-ல் ஒரு விடை கண்டது. இந்த நோயில் நஞ்சுக்கொடி ஒரு புரதத்தை அளவுக்கு மீறி ரத்தத்தில் கொட்டுகிறது. ரத்தக்குழாய்களின் உட்சுவரைப் பேணும் சத்துகளை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. சினை எலிகளுக்கு அதைச் செலுத்தியபோது பிபி ஏறியது, யூரினில் புரதம் வந்தது. அதிலிருந்து பிறந்த ரத்தப் பரிசோதனைக்கு 2023-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. பிபி ஏறி வார்டில் படுத்திருக்கும் பெண்களில் யாருக்கு அடுத்த இரண்டு வாரத்துக்குள் முற்றும் என்று ஓரளவு முன்கூட்டிச் சொல்கிறது. நம் அரசு வார்டுகளுக்கு அது வழக்கமாக வர வேண்டும் என்பது என் ஆசை.

கொடிமுல்லை | மார்ச் 7, இரவு 10:05

எல்லோருக்கும் நன்றி. 5-ம் தேதி காலை டாக்டருக்குப் போன் போட்டேன். அன்று ராத்திரியே ஆரம்பித்துவிட்டேன், இன்று மூன்றாவது. அக்காவின்_தம்பி எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி ஒன்பதரைக்கு அவரே தண்ணீரும் மாத்திரையும் எடுத்து வந்து வைத்தார்.

ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் டெங்கு இருக்கிறது. காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரின் போடலாமா?

வார்டு_செவிலி | மார்ச் 7, இரவு 10:40

நல்ல கேள்வி. காய்ச்சல் வந்தால் அன்றைக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், ஆஸ்பிரின் எடுப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். டெங்குவில் தட்டணுக்கள் குறையும், ஆஸ்பிரின் ரத்தப்போக்கைக் கூட்டும். டெங்கு இல்லை என்று தெரிந்தபின் அவர் மறுபடி ஆரம்பிக்கச் சொல்வார். நீங்களாக நிறுத்தியே வைத்துவிடாதீர்கள். வயிற்றுப்புண், ஆஸ்பிரின் ஒவ்வாமை இருந்தாலும் முன்பே சொல்ல வேண்டும்.

மேட்டுத்தெரு | மார்ச் 8, காலை 7:10

என் அம்மாவிடம் இன்று கேட்டேன். அவருக்கு 84. பாட்டி விழுந்த அன்று காலையில் "தலை பொளக்குது" என்று சொன்னாராம். அம்மாவுக்கு அப்போது பதினொரு வயது. இத்தனை வருஷம் இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

கொடிமுல்லை | ஜூன் 24, மாலை 6:20

இழையை மேலே கொண்டு வருகிறேன். இன்று 28 வாரம் 3 நாள். போன முறை அடுத்த வாரம்தான் ஏறியது. வாரம் இருமுறை அளக்கிறோம், அத்தை ஐந்து நிமிஷம் கடிகாரம் பார்த்துப் பேசாமல் உட்கார வைக்கிறார். இன்று 118/76. யூரினில் ஒன்றுமில்லை. மாத்திரை இதுவரை இரண்டு நாள் விட்டுப்போனது, இரண்டும் கல்யாண வீட்டில். பயம் போகவில்லை அக்கா.

வார்டு_செவிலி | ஜூன் 24, இரவு 9:50

பயம் இருக்கட்டும், அளப்பதும் இருக்கட்டும். திங்கட்கிழமை எண்ணை இங்கே போடுங்கள். நான் காலை டூட்டி, மூன்று மணிக்கு மேல் பார்ப்பேன்.